புகை வருகிற எல்லா வீட்டுக்கும்

அன்பு மகள் மிரேயாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை நெலிதா எழுதுவது. அம்மாவின் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, விரல் ஐந்தும் பத்திரம், எப்படி ஆனது என்பது கடிதத்திலேயே வரும். சொல்வதை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதுவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் சொல்லாமல் விடுவதையும் எழுதுவேன் என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன், அது அவளுக்குத் தெரியாது. இனி "நான்" என்று வருவதெல்லாம் அம்மா. அடைப்புக்குறிக்குள் இருப்பது நெலிதா.

இங்கே பன்றியைத் தவிர வீட்டில் எல்லோரும் சுகம். அங்கே தென்கோடியில் புந்தா அரேனாஸ் காற்று உன்னைத் தூக்கிக்கொண்டு போகாமல் விட்டிருக்கிறது என்று நம்பி இதை எழுதச் சொல்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி மழைக்கு முந்தின நாள் வருகிறது, இங்கே எல்லா நாளும் மழைக்கு முந்தின நாள்தான் என்பதால் வலி போகிற வழியாக இல்லை. நாய்க்கு வயசாகிவிட்டது, கோழியைத் துரத்துவதை விட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலிருந்து குரைக்கிறது. பேக்கரியில் உனக்குக் காலை வேலைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம், ஆனால் நாலு மணிக்கு எழுந்து வெறும் வயிற்றோடு போகாதே, ரொட்டி சுடுகிறவள் பட்டினி கிடந்தால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இதையெல்லாம் கடைத் தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம். ஆனால் அங்கே பேசினால் நீ கேட்பதற்கு முன்னால் ஊர் கேட்டுவிடும், இது ஊர் கேட்கிற விஷயம் இல்லை. (ஊருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும்.)

உன் அறையில் இருக்கிற தாய்லாந்துப் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். மார்ச் மாதம் வந்தாள், பெயர் சுனிசா, பதினாறு வயது, ஜனவரி வரைக்கும் நம் வீட்டில் இருந்து நெலிதாவோடு ஆச்சாவோ ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பேருந்தில் போய்வர வேண்டும் என்பது ஏற்பாடு. வந்த அன்றைக்கு உன் சித்தப்பா குடும்பம், அத்தை குடும்பம் எல்லோரும் கன்னத்தில் முத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள், அவள் பின்னால் ஓரடி வைத்துக் கைகூப்பினாள், உடனே அப்பா ஜெபம் சொல்லப் போகிறாள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், ஆனால் அதற்கப்புறம் ரொம்ப நாள் சிரிக்கவில்லை. கொண்டுவந்த சட்டை அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், அவள் பேசுகிறவர் வாயையே மாறி மாறிப் பார்ப்பாள், ஒருத்தர் வாயைப் பிடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார். சாப்பாட்டில் பாதி தட்டிலேயே இருக்கும். நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை மிரேயா. துடைப்பத்தை எடுத்தால் பிடுங்கி வைத்தேன், தட்டைக் கழுவப் போனால் கையைத் துடைத்துவிட்டு உட்காரவைத்தேன், உருளைக்கிழங்கு உரிக்கக்கூட விடவில்லை. "அத்தனை தூரத்திலிருந்து வந்த பொண்ணை ஹெர்மினியா வேலைக்காரி ஆக்கிட்டா" என்று ஒருத்தி சொல்லிவிடக் கூடாது அல்லவா.

(மே மாதம் ஒருநாள் விறகுக் கொட்டகையில் சுனிசாவைப் பார்த்தேன். அப்பா அடுக்கி வைத்திருந்த விறகைக் கலைத்துவிட்டு மறுபடி அதே மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்.)

ஜூன் கடைசியில், சான் ஹுவான் பண்டிகைக்கு மறுநாள் கடையிலிருந்து ஆள் வந்து, காஸ்த்ரோ நகரிலிருந்து எனக்குத் தொலைபேசி என்றார்கள். இந்தப் பிள்ளைகளை வீடுகளில் சேர்த்துவிடுகிற அமைப்பின் அம்மாள், பமேலா என்று பெயர். "தப்பா எடுத்துக்காதீங்க ஹெர்மினியா அம்மா, சுனிசா கடிதம் போட்டிருக்கா, வேற வீடு கேக்கறா, இல்லேன்னா ஊருக்கே போயிடறேங்கறா, அடுத்த சனிக்கிழமை நான் வந்து அழைச்சிட்டுப் போறேன்" என்றாள். நான் என்ன குறை என்று கேட்டேன். பமேலா கடிதத்தைப் படித்தாள்: "நல்ல வீடு. நல்ல மனிதர்கள். நான் அவர்களுக்குத் தேவை இல்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். நான் சரி, தாராளமாக வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். கடைக்காரர் சர்க்கரை நிறுக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார், தராசில் சர்க்கரை இல்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குக் கோபம். என் வீட்டில் இல்லாதது என்ன? சுனிசாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பமேலா வருவதாகச் சொன்னதற்கு முந்தின சனிக்கிழமை பன்றி வெட்டு. உன் அத்தை வருவதாகச் சொல்லிக் காய்ச்சலில் படுத்துவிட்டாள், அதனால் கை போதவில்லை. அப்பா வெட்டுகிறார், நெலிதா உருளைக்கிழங்கு துருவுகிறாள், நான் கொதிக்கிற கொழுப்புக் கொப்பரையை விட்டு நகர முடியாது. யோக்கோத் தட்டுகளைச் சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் சுனிசாவைக் கூப்பிட்டு, "கோயில் வரைக்கும் போ, புகை வர்ற எல்லா வீட்டுக்கும் ஒரு தட்டு, கதவத் தட்டு, குடு, வா" என்றேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மூன்று மாதத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் வேலை அது. உன்னுடைய பழுப்புக் கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மழையில் ஓடினாள்.

(யோக்கோ என்றால் என்ன என்று முந்தின நாளே அவளுக்கு அகராதி வைத்து விளக்கியிருந்தேன். பன்றி வெட்டியவர் அக்கம்பக்கத்துக்குக் கறி, பொரித்த கொழுப்பு, மில்காவோ என்கிற உருளைக்கிழங்கு அடை எல்லாம் வைத்து ஒரு தட்டுக் கொடுப்பார். வாங்கியவர் தன் வீட்டில் வெட்டும்போது அதே அளவு திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் யாரும் மறக்க மாட்டார்கள். இதை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். இதற்கு நம் வீட்டில் ஒரு விதிவிலக்கு உண்டு என்பதை நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை.)

இந்த ஊரில் பிறந்த நாய்க்குக்கூடத் தெரியும், உன் ஞானத்தாய் ஓதிலியா வீட்டுப் புகை எங்களுக்குப் புகை இல்லை என்று. நாலு வருடமாக நாங்கள் பேசுவதில்லை, காரணம் உனக்கே தெரியும், நான் நிறையக் கொடுத்த தட்டுக்கு அவள் எலும்பும் இரண்டு அடையும் வைத்துத் திருப்பினாள். (அந்த வருடம் அவளுடைய பன்றி சின்னது. எலும்பு வந்த கதையை அம்மா கோயில் வாசலில் நாலு பேரிடம் சொல்லியிருக்க வேண்டாம். இதையும் உண்மை என்பதால் எழுதுகிறேன்.) பெஞ்சில் ஏழு தட்டு இருந்தது, ஆறு வீட்டுக்கு ஆறு, ஏழாவது வாத்தியாருக்கு, அவர் தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சுனிசா வெறுங்கையோடு திரும்பிவந்து, மூச்சு வாங்க, "ஏழும் குடுத்தாச்சு" என்றாள். ஏழாவது யாருக்கு என்றேன். "பச்சைக் கதவு" என்றாள். என் கையிலிருந்த கரண்டி கொப்பரைக்குள் விழுந்தது, கொழுப்பு தெறித்தது, கட்டுப் போட்ட கதை இதுதான்.

மறுநாள் பூசை முடிந்ததும் ஓதிலியா நம் வேலிக்கு வெளியே வந்து நின்றாள், கையில் கழுவின தட்டு. குடை இல்லை. "யாரு அனுப்பினது இத? என் பட்டியில இந்த வருஷம் பன்னி இல்லேன்னு ஊருக்கே தெரியும். திருப்பித் தர முடியாதவளுக்குக் குடுத்துட்டு, அப்புறம் கோயில் வாசல்ல நின்னு பேசலாம்னு பாக்குறாளா உங்கம்மா?" என்று நெலிதாவைப் பார்த்துக் கத்தினாள். நான் அடுக்களைக்குள்ளிருந்தே, "நான் ஒண்ணும் அனுப்பலேன்னு சொல்லு, வேணும்னு அனுப்புறதுக்கு எனக்கென்ன கொழுப்பு மிஞ்சிக் கெடக்கா" என்றேன். உண்மையில் கொழுப்பு மிஞ்சித்தான் கிடந்தது, பதினோரு ஜாடி. அதற்குள் சுனிசா வெளியே போய்விட்டாள். வேலிக்குப் பக்கத்தில் நின்று, "நான்தான் கொண்டுவந்தேன். அவங்க இல்ல. புகை வந்தது. புகை வந்தா குடுக்கணும்" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, சொற்களைத் தேடி எடுத்து, "நீங்க தனியா சாப்பிட்டீங்க. நான் பார்த்தேன்" என்றாள். ஓதிலியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ மட்டும் இவங்களோட கூட்டமா உக்காந்து சாப்பிடுறியாக்கும்?" என்றாள். சுனிசா, "உக்காருறேன். எனக்கு வேலை இல்ல" என்றாள். "வேலை இல்லையா? இந்த வீட்ல உனக்கு வேலை தரலியா? என் வீட்ல மூணு வண்டி விறகு நனையுது, வா என்கூட" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். என் விருந்தாளியை, என் கண் முன்னால்!

சாயங்காலம் வந்தாள். உள்ளங்கையில் சிராய்ப்பு, முடியெல்லாம் மரத்தூள், கோட்டில் பட்டை. உட்கார்ந்து மூன்று தட்டு சாப்பிட்டாள் மிரேயா. மூன்று. நான் எண்ணவில்லை, அப்பா எண்ணினார். சாப்பிட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள், நான் எழுந்தேன், அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காரு ஹெர்மினியா, உன் கை வெந்திருக்கு" என்றார். உட்கார்ந்தேன். அவள் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடிதத்தில் எழுதியிருந்தாளே, நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று, அது என்ன மாதிரி இருக்கும் என்று அப்போது கொஞ்சம் தெரிந்தது. ரொம்ப நேரம் தாங்க முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டுப் பேருந்தில் வந்து ஓதிலியா வீட்டு முனையிலேயே இறங்கிக்கொள்கிறாள், ஒரு மணி நேரம் அங்கே, மற்ற நேரம் எனக்கு. ஆமாம், எனக்கும் வேலை செய்கிறாள், கை வெந்தவளுக்கு உதவுவதை யார் என்ன சொல்ல முடியும். ஒரு நாள் தன் ஊர் மாதிரி மிளகாய் அரைத்துக் கறியில் போட்டாள், அப்பா தின்றுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் புகை என்றார், அப்புறம் இன்னொரு கரண்டி போடச் சொன்னார். நாய் அவளுடைய காலுறையைத் தூக்கிக்கொண்டு போனபோது, "ஏய் கெழட்டுத் திருடா, குடுறா" என்று நம் பேச்சிலேயே திட்டினாள், நெலிதா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். ஆனாலும் சனிக்கிழமை பற்றி அவள் வாய் திறக்கவில்லை. நானாகக் கேட்பேனா? போகிறேன் என்று எழுதினவள் அவள்தானே. வெள்ளிக்கிழமை அவள் துணியையெல்லாம் துவைத்து அடுப்பு மேல் காயவைத்துப் பெட்டியில் அடுக்கினேன். ஈரத்தோடு அனுப்பினாள் என்று பெயர் வேண்டாம்.

(அம்மா பெட்டியின் அடியில், தான் பின்னிய புதுக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்தாள். வைத்துவிட்டுப் பெட்டியை மூடாமல் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். உன் கட்டிலில். நான் கதவுக்கு வெளியே இருந்தேன்.)

சனிக்கிழமை பத்து மணிக்கு பமேலா வந்தாள், நல்ல மாதிரிப் பெண், செருப்பைத்தான் இந்தச் சேற்றுக்குத் தகுந்த மாதிரி போட்டுவரவில்லை. தேநீரும் அடையும் வைத்தேன். சுனிசா வீட்டில் இல்லை. அப்பா தேடப் போனார். பமேலா கடிகாரத்தைப் பார்த்தாள், நான் அடுப்பைப் பார்த்தேன். கதவு திறந்தது, சுனிசா, முழங்கை வரை துருவின கிழங்கு மாவு. அவள் பின்னால் ஓதிலியா, வாசற்படிக்கு வெளியே, மழையில். நாலு வருடமாக அந்தப் படியை அவள் மிதிக்கவில்லை. நான் சுனிசாவைப் பார்த்து, "மழை உள்ள வருதுன்னு சொல்லு அவகிட்ட, ஒண்ணு உள்ள வரட்டும், இல்ல வெளிய போகட்டும்" என்றேன். ஓதிலியா சுனிசாவைப் பார்த்து, "கால் சேறா இருக்கு, அவ தரை வீணாகும்னு சொல்லு" என்றாள். சுனிசா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், நாங்கள் பேசியதில் பாதி அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, ஒரு பழைய சாக்கை எடுத்துப் படியில் போட்டாள். ஓதிலியா காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

பமேலா எழுந்து, "பெட்டி தயாரா சுனிசா?" என்று கேட்டாள். சுனிசா தலையை ஆட்டினாள், இல்லை என்று. "நான் போக முடியாது. செப்டம்பர்ல ஆட்டுக்குட்டி. தட்டு திரும்பி வரணும். குடுத்தது நான்" என்றாள். பமேலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓதிலியா முன்னால் வந்து விளக்கினாள். "இவ எனக்கு யோக்கோ குடுத்திருக்கா. பன்னி இல்ல, ஆனா ஒரு குட்டி இருக்கு, செப்டம்பர் திருவிழாவுக்கு வெட்டுவேன். யார் கையால குடுத்தாங்களோ அவங்க கையிலதான் திருப்பித் தரணும். அதுதான் எங்க ஊர்ச் சட்டம். தாய்லாந்துக்கு நான் தபால்ல கறி அனுப்பவா?" என்றாள். பமேலா என் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டாள். நான், "ஆமா, அப்படித்தான்" என்றேன்.

(அப்படி ஒரு சட்டம் இல்லை. வீட்டுக்குத் திருப்பித் தந்தால் போதும், யார் வாங்கினாலும் சரி, அப்பாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஓதிலியா அந்த நிமிடத்தில் உண்டாக்கினாள், அம்மா அந்த நிமிடத்தில் ஒத்துக்கொண்டாள். நாலு வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் ஒரு பொய். அப்புறம் பமேலா என்னிடமும் கேட்டாள், "நீ படிக்கிற பொண்ணு, நீ சொல்லு" என்று. நானும் ஆமாம் என்றேன். சுனிசாவிடம் இதுவரை உண்மையைச் சொல்லவில்லை. நோட்டில் அவள் அதையும் எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறாள்.)

பமேலா சுனிசாவைத் தனியாக உன் அறைக்குக் கூட்டிப்போய்ப் பேசினாள். ஓதிலியா, நெலிதா, நான் மூன்று பேரும் அடுக்களையில் நின்றோம். ஓதிலியா என் கையைப் பார்த்துவிட்டு, "கட்டு யாரு போட்டது, கோழிக்குப் போட்ட மாதிரி இருக்கு" என்று சுவரிடம் சொன்னாள். நானும் சுவரிடம், "போட்டவர் கொட்டகையில விறகு பிளக்கறார், அவர்கிட்ட சொல்லச் சொல்லு" என்றேன். பிறகு அவளே அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். இறுக்கமாகத்தான் கட்டினாள், ஆனால் இப்போது நழுவவில்லை. அவர்கள் வெளியே வந்தபோது பமேலா சிரித்துக்கொண்டிருந்தாள், தாளில் ஏதோ அடித்து எழுதினாள், சுனிசா ஜனவரி வரைக்கும் இங்கேதான் என்றாள். அடையில் நாலு மடித்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கிப் போனாள்.

ஓதிலியாவுக்கும் எனக்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இன்றைக்குக் கோயிலில் அவள் வேறு பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். ஆனால் போகும்போது உன்னைப் பற்றிக் கேட்டாள், என்னிடம் இல்லை, சுனிசாவிடம், நான் கேட்கிற மாதிரி.

இனி நான் சொல்வதை நெலிதா நன்றாக எழுத வேண்டும். நீ அங்கே போன முதல் குளிர்காலம் ஒரு கடிதம் போட்டாய், யாரும் என்னோடு பேசுவதில்லை, அறைக்காரி கதவைச் சாத்திக்கொள்கிறாள், திரும்பி வந்துவிடட்டுமா என்று. நான் என்ன பதில் எழுதினேன் என்று உனக்கு நினைவிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இரு, ஊர் சிரிக்கும் என்று எழுதினேன். யாரோடு சாப்பிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. வயிற்றுக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று மட்டும்தான் எல்லாக் கடிதத்திலும் கேட்டிருக்கிறேன், இந்தக் கடிதத்திலும் வயிற்றைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். இப்போது கேட்கிறேன் மகளே, யாரோடு சாப்பிடுகிறாய்? பதிலில் பெயர் எழுது. ஒரு பெயர் இருந்தாலும் போதும். ஒன்றும் இல்லை என்றால் அதையும் எழுது, நான் ஊர் சிரிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பார்சலில் இரண்டு ஜாடி பன்றிக்கொழுப்பு, புகையில் உலர்த்திய மட்டி ஒரு சரம், ஆப்பிள் ஜாம் ஒன்று. மட்டியை நீ மட்டும் வைத்துத் தின்னாதே, அந்தக் கதவைச் சாத்துகிற அறைக்காரிக்குப் பாதி கொடு, கதவைத் தட்டிக் கொடு. ஓதிலியாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, என் கடிதத்துக்குள் வைத்து அனுப்பாதே, அவள் பிரித்துப் படித்தேன் என்பாள். உன் கோட்டை சுனிசா போட்டுக்கொள்வதில் உனக்குச் சம்மதமா என்று மறக்காமல் எழுது, சம்மதம் என்றுதான் எழுத வேண்டும், ஏற்கெனவே கையைச் சுருக்கித் தைத்தாகிவிட்டது. கர்த்தரும் அன்னை மரியாளும் உன் போக்கிலும் வரவிலும் கூட இருக்கட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி, அவர் இப்போது தலையை ஆட்டுகிறார்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஹெர்மினியா
(கையெழுத்து இடது கையால் போட்டது, கோழி கிறுக்கியது இல்லை.)

(அம்மா எல்லாவற்றையும் படித்துக் காட்டச் சொன்னாள். அடைப்புக்குறிகளை விட்டுவிட்டுப் படித்தேன். ஆறு பக்கத்தில் இவ்வளவுதானா இருக்கிறது என்று கேட்டாள். என் எழுத்து பெரியது என்றேன், இந்த வாரத்தில் இது என் இரண்டாவது பொய். சுனிசா பக்கத்தில் உட்கார்ந்து, செப்டம்பருக்கு இன்னும் எத்தனை நாள் என்று நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் உனக்கு இன்னும் ஒன்று எழுத வேண்டும், ஆனால் அம்மா தாளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, எல்லோரும் படுங்கள் என்று விளக்கை அணைக்க எழுந்துவிட்டாள்.)